4-3-3, 3-2-5... கால்பந்தில் இந்த நம்பர்கள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

மேட்ச் தொடங்கும் முன் டிவியில் பதினொரு பேரை வரிசையாக அடுக்கி '4-3-3' என்று காட்டுவார்கள், கவனித்திருப்பீர்கள். பின்னால் நான்கு டிஃபெண்டர், நடுவில் மூன்று மிட்ஃபீல்டர், முன்னால் மூன்று ஃபார்வர்டு. கோல்கீப்பர் கணக்கில் இல்லை. அவர் எங்கே போய்விடப் போகிறார்! ஆனால், விசில் ஊதிய ஐந்தாவது நிமிடத்தில் அந்தப் படத்துக்கும் மைதானத்தில் நடப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. அப்புறம் எதற்கு இந்த நம்பர்?

டிஃபெண்டர் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் புரியும். அவருக்கு எப்போதும் ஒரே கவலைதான்: 'நான் யாரைப் பிடிக்கணும்?' அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைக்காதபடி செய்வதற்காகத்தான் வியூகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

முன்னால் ஒரு கூட்டமே!

1872 நவம்பர் 30. கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிய முதல் சர்வதேச ஆட்டம். ஏழெட்டு பேரை முன்னால் நிறுத்தியது இங்கிலாந்து. பந்து கிடைத்தவர் முட்டி மோதி ஓட வேண்டியதுதான், அதுதான் அன்றைய பாணி. ஸ்காட்லாந்துக்காரர்களோ பாஸ் கொடுத்து ஆடினார்கள். ஆட்டம் 0-0. பாஸ் பழக்கம் பரவியதும் முன்வரிசைக் கூட்டம் குறைந்து, 1880-களில் 2-3-5 நிலைபெற்றது.

அதைக் கலைத்தது ஒரு விதி மாற்றம். பந்து வரும்போது கோலுக்கும் தனக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேர் இல்லாவிட்டால் ஆஃப்சைடு. இதுதான் பழைய விதி. டிஃபெண்டர்களுக்குக் கொண்டாட்டம். ஒருவர் நாலடி முன்னால் வந்தாலே எதிரணி ஃபார்வர்டு சிக்கிக்கொள்வார். ஏமாந்தாலும் காப்பாற்ற இன்னொருவர் பின்னால் இருப்பார். ஆட்டம் சலிப்பூட்ட, 1925-ல் 'மூன்று' என்பதை 'இரண்டு' ஆக்கினார்கள். இங்கிலாந்து லீக்கில் 4,700 ஆக இருந்த கோல்கள் அடுத்த சீசனில் 6,373!

அந்த அக்டோபரில் நியூகாசிலிடம் 0-7 என்று அடி வாங்கியது ஆர்சனல். அதன் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் ஆடிய சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து மூன்றாவது டிஃபெண்டராக்கினார். போகப்போக அது 3-2-2-3 ஆனது. மேலிருந்து பார்த்தால் டபிள்யூ, எம் எழுத்துகள் போலத் தெரிந்ததால் 'டபிள்யூ-எம்' என்று பெயர். யார் யாரைப் பிடிப்பது என்பதில் குழப்பமே இல்லை. 5-ம் எண் போட்டவர் எதிரணியின் 9-ம் எண்ணைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெம்ப்ளியில் காணாமல்போன 9

1953 நவம்பர் 25. இங்கிலாந்தின் 5-ம் எண் ஹாரி ஜான்ஸ்டன், ஆறு மாதம் முன்புதான் பிளாக்பூல் கேப்டனாக எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியவர். எதிரே ஹங்கேரியின் 9-ம் எண், நாண்டோர் ஹிடெக்குட்டி.

பிடிக்க வேண்டிய ஆள் முன்னால் வரவே இல்லை! நடுக்களத்திலேயே உலாத்தினார் ஹிடெக்குட்டி. அவரைத் துரத்திப் போனால், ஜான்ஸ்டன் விட்டுவந்த இடத்தில் புஷ்காஷும் கோச்சிஷும் புகுந்துவிடுவார்கள். போகாமல் நின்றால், ஹிடெக்குட்டி நிதானமாகத் திரும்பி எங்கே வேண்டுமானாலும் பாஸ் கொடுப்பார். போனாலும் தப்பு, நின்றாலும் தப்பு. முதல் நிமிடத்திலேயே கோல் அடித்த ஹிடெக்குட்டி ஹாட்ரிக்கும் போட்டார். ஹங்கேரி 6, இங்கிலாந்து 3.

ஜான்ஸ்டன் அதன்பிறகு இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. வேகத்திலோ திறமையிலோ அவர் தோற்கவில்லை. அவர் கற்றுக்கொண்ட பாடத்தில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. மறு மே மாதம் புடாபெஸ்டில் இங்கிலாந்து 1-7 என்று தோற்றது. அங்கே ஜான்ஸ்டன் இல்லை.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 1958-ல் பிரேசில் நான்கு டிஃபெண்டர்களோடு 4-2-4 ஆடி உலகக் கோப்பை வென்றது. எலேனியோ எரேராவின் இன்டர் மிலான், எல்லோருக்கும் பின்னால் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தி 1964, 1965-ல் ஐரோப்பியக் கோப்பையைத் தட்டியது. ஆளுக்கு ஒரு இடம் என்பதே கிடையாது என்றது 1974-ன் நெதர்லாந்து. ஆளை விடு, இடத்தைப் பிடி என்றார் ஏ.சி. மிலானின் அரிகோ சாக்கி.

மறுபடியும் அதே கேள்வி

2009 மே 2, மாட்ரிட். வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த மெஸ்ஸியை பார்சிலோனா கோச் பெப் கார்டியோலா நடுவுக்குக் கொண்டுவந்தார். மெஸ்ஸி முன்னால் நிற்காமல் மிட்ஃபீல்டுக்கு இறங்கிவந்தார். ரியல் மாட்ரிட் டிஃபெண்டர்கள் கன்னவாரோவும் மெட்செல்டரும் போவதா நிற்பதா என்று தவித்தார்கள். கன்னவாரோ சாதாரண ஆள் இல்லை, 2006-ன் பாலன் டி'ஓர் வென்றவர். பார்சிலோனா 6, ரியல் 2. இந்த வேலைக்கு இன்றைய பெயர் 'ஃபால்ஸ் நைன்'. ஹிடெக்குட்டி செய்ததும் இதைத்தான்.

இன்னொரு வேடிக்கை. 2023-ல் அதே கார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டி, இறுதிப்போட்டியில் இன்டரை 1-0 என வென்று சாம்பியன்ஸ் லீக்கைத் தூக்கியது. அந்த சீசனின் கடைசி மாதங்களில், பந்து கைக்கு வந்ததும் டிஃபெண்டர் ஜான் ஸ்டோன்ஸ் முன்னேறி ரோட்ரி பக்கத்தில் போய் நிற்பார். பின்னால் மூவர், நடுவில் இருவர், அவர்களுக்கு முன்னால் டி புருய்னவும் குண்டோகனும், உச்சியில் ஹாலண்டும் இரண்டு ஓரங்களில் இருவரும். எண்ணிப் பாருங்கள்: 3-2-2-3. கிட்டத்தட்ட சாப்மனின் அதே டபிள்யூ-எம்! இப்போது தவிப்பது ஃபார்வர்டுகள்: முன்னேறி வரும் ஸ்டோன்ஸை யார் பிடிப்பது?

அடுத்த மேட்ச்சில் முதல் பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு நடு டிஃபெண்டரை மட்டும் பாருங்கள். பக்கத்து ஆளிடம் கையைக் காட்டிக் காட்டி எதையோ கேட்டுக்கொண்டே இருப்பார்.