பீடி பிடிக்காதவருக்கு ஏன் இளைப்பு?

அலிப்பூர் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது தேசிய நூலகமும் அரவிந்தரை அடைத்து வைத்திருந்த சிறையும்தான். கொல்கத்தாக்காரர்களுக்கோ அது பணக்காரப் பேட்டை. உயர்ந்த மதில், பழைய மரங்கள், வாசலில் காவலாளி. அதை ஒட்டித் தெற்கே, ஆதி கங்கைக் கால்வாய்க் கரையில் சேத்லா. அங்கே பஸ்தி என்று சொல்லப்படும் குடிசைப் பகுதிகளும் உண்டு. அலிப்பூர் வீடுகளில் சமைப்பவரும் பெருக்குபவரும் வண்டி ஓட்டுபவரும் அப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வருகிறார்கள்.

அந்தக் குடிசைகளுக்கும் இளைப்புக்கும் என்ன தொடர்பு? இளைப்பைத் தரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி, யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், 'பீடி, சிகரெட் பிடிப்பவர்களை' என்று பதில் வரும். பாதி உண்மை. இந்தியாவில் 1990இல் சுமார் 2.8 கோடிப் பேருக்கு இருந்த இந்த நோய் 2016இல் 5.5 கோடிப் பேருக்கு இருந்ததாக 2018இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. நோய்ச்சுமையில் காற்று மாசின் பங்கு ஏறக்குறைய 54 சதவீதம். புகையிலையின் பங்கு 25. வேலையிடத் தூசி, புகையின் பங்கு 16. புகையிலையை விடச் சொல்லலாம். மூச்சை விடச் சொல்ல முடியுமா?

கொல்கத்தாவின் நிலக்கரி அடுப்பை, அங்கத்தியார் சொல்லும் 'உனுனை', பற்றவைப்பதைப் பார்த்தவர்களுக்குக் காற்று மாசின் பங்கு ஏன் இவ்வளவு என்பது விளங்கும். அடியில் வறட்டி, மேலே சுள்ளி, அதன்மேல் கரி. கரி சிவக்கும்வரை வெள்ளைப் புகை கெட்டியாகக் கிளம்பும். வசதியிருந்தால் அந்த நேரம் அடுப்பைத் தூக்கி வெளியே வைக்கலாம்; வெளியே என்று ஓர் இடமே இல்லாத பத்தடி அறையில் என்ன செய்வது? நடைபாதைக் கடைக்காரருக்கோ அடுப்படிதான் நாள் முழுக்க உட்காருமிடம். டிசம்பர், ஜனவரியில் இந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே கவிந்துகொள்ளும்.

அலிப்பூருக்குப் பக்கத்தில் ஹாஜ்ராவில் இருக்கும் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தார் மேற்கு வங்கக் கிராமப் பெண்களின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விறகு, வறட்டியில் சமைத்த பெண்களின் நுரையீரல் காப்புச் செல்களில் கரித்துகள் அப்பியிருந்தது. காஸில் சமைத்தவர்களிடம் அது குறைவு.

வறுமையின் கணக்கு அடுப்போடு முடிவதில்லை. எடை குறைந்து பிறப்பது, குழந்தைப் பருவத்தில் அடிக்கடி நிமோனியா, சத்தில்லாத சாப்பாடு எல்லாம் சேர்ந்து, இருபது வயதையொட்டி முழு வளர்ச்சி பெற வேண்டிய நுரையீரலைச் சிறுக்க வைக்கின்றன. நடுவில் காசநோய் வந்து குணமானாலும் தழும்பு நிற்கும். பிறகு கல்லுடைக்கும் வேலையோ சிமென்ட் வேலையோ. பல இழப்புகள் சேர்ந்த உடம்பில் ஐம்பது வயதில் வரும் இளைப்பை 'வயசாகிவிட்டது' என்று தள்ளிவிடுகிறோம்.

நோயின் பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2009இல் அய்லா புயல் வயல்களில் உப்பேற்றிய பிறகு, வடக்கு 24 பர்கானா மாவட்டம் மினாகான் வட்டாரத்து கோயால்தஹா கிராமத்து இளைஞர்கள் ஆசன்சோல் பக்கம் கல்லரைக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். திரும்பியவர்கள் இருமினார்கள்; பலருக்குக் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டது. உண்மையில் அது கல்தூசியால் வரும் சிலிகோசிஸ். பலர் இறந்த பின், தேசிய மனித உரிமை ஆணையம் வரை போய்ப் போராடித்தான் அந்தப் பெயரையே வாங்க முடிந்தது.

ஆகவே முதல் உரிமை, நோயின் பெயரைச் சரியாக எழுதி வாங்குவது. மூன்று மாதமாக இருமலோ மாடிப்படியில் மூச்சு வாங்குவதோ இருந்தால் இருமல் மருந்தோடு நிற்காதீர்கள். ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதும் சோதனை, செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம். அரசின் எஸ்எஸ்கேஎம் மருத்துவமனை அலிப்பூரிலிருந்து கூப்பிடு தூரம். என்ன வேலை, எத்தனை வருடம், எந்த அடுப்பு என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இழப்பீட்டு வழக்குக்குக் கைகொடுக்கும். 'பம்ப் பழகிவிடும்' என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். அது பழக்கம் அல்ல, மருந்து. ஜன் ஔஷதி கடைகளில் விலையும் குறைவு.

சிலிகோசிஸும் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸும் சட்டப்படி தொழில்நோய்கள். ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. சமையல் புகைக்குத் தொழில்நோய்ப் பட்டியலில் இடமில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்ணை நம் சட்டம் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் காஸ் இணைப்புக்குக் கட்டணமில்லை. அடுத்தடுத்த சிலிண்டருக்கு மானியம் போகக் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதனால்தான் இணைப்பு இருக்கும் வீட்டிலும் பழைய அடுப்பு அணையவில்லை.

தூய காற்று வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்து ஆலையோ குப்பை எரிப்போ மூச்சைக் கெடுத்தால், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். கேட்காவிட்டால் கொல்கத்தாவிலேயே பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். தெற்கு 24 பர்கானா மாவட்ட நீதிமன்றம் இருப்பதே அலிப்பூரில்தான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இலவச வக்கீலை வைத்துத் தரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அதற்கு வருமான வரம்பு கிடையாது.