டிகாஷன் ஏன் மெல்ல இறங்குகிறது?

காபி ஃபில்டரில் மோட்டார் இல்லை, வால்வு இல்லை, ரப்பர் வளையம்கூட இல்லை. அடியில் துளையிட்ட ஒரு பாத்திரம், அதைத் தாங்கும் இன்னொரு பாத்திரம், தூளை அமர்த்த ஒரு குடை, மேலே ஒரு மூடி. இவ்வளவு எளிய சாமானிலிருந்து அத்தனை திடமான டிகாஷன் எப்படிக் கிடைக்கிறது?

எஸ்பிரெசோ இயந்திரத்தோடு வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். அங்கே வெந்நீரைக் காபித் தூளுக்குள் தள்ளும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு. 25 அல்லது 30 விநாடியில் வேலை முடிந்துவிடுகிறது. நம் ஃபில்டரில் தள்ளுவதற்கு ஆளே இல்லை. தூளின் மேல் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை மட்டுமே உண்டு. அது தரும் அழுத்தம் காற்றழுத்தத்தில் 200-இல் ஒரு பங்குதான். இந்தக் குறையை ஃபில்டர் நேரத்தால் ஈடுகட்டுகிறது. விநாடிகளில் முடிவதைக் கால் மணி, அரை மணி எடுத்துக்கொண்டு முடிக்கிறது. ஆகவே நல்ல டிகாஷன் வேண்டுமென்றால், தண்ணீர் தூளுக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

அந்த நேரத்தைத் தீர்மானிக்கும் விதியைக் கண்டறிந்தவர் காபிக்காக உழைத்தவர் அல்லர். பிரான்சின் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் படுகை வழியே நீர் எப்படிக் கசிகிறது என்று சோதித்து, 1856-இல் எழுதிவைத்தார். மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் ஓட்டம் கூடும். படுகையின் தடிமன் கூடினால் ஓட்டம் குறையும். பின்னால் வந்தவர்கள் துகளின் அளவையும் கணக்கில் சேர்த்தார்கள். துகள் பாதியாகச் சிறுத்தால், ஓட்டம் சுமார் கால் பங்காகிவிடும். ஊற்றியவுடன் சரசரவென்று சொட்டும் டிகாஷன் போகப் போகத் தயங்குவதற்கும் காரணம் இதுவே. நீர்மட்டம் இறங்க இறங்க, தள்ளும் எடையும் குறைகிறது.

எனவே அரைப்புதான் முதல் கடிவாளம். காபிக்கடையில் அரைக்கும்போதே ஃபில்டருக்கு என்று சொல்லிவிட வேண்டும். தூள் கையில் மாவுபோல் ஒட்டவும் கூடாது, ரவைபோல் உருளவும் கூடாது. மிக நைஸாக இருந்தால் தண்ணீர் மேலேயே நின்றுவிடும், டிகாஷன் கசக்கும். கொரகொரப்பாக இருந்தால் கடகடவென்று இறங்கி, நிறம் மட்டும் வந்து சேரும்.

ஏன் கசக்கிறது? வறுத்த காபியின் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீரில் கரையக்கூடியது. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் கரைவதில்லை. புளிப்பும் நறுமணமும் முந்திக்கொள்கின்றன. இனிப்புச் சாயல் அடுத்து வருகிறது. கசப்பும் துவர்ப்பும் கடைசியில் வருகின்றன. 18 முதல் 22 சதவீதம் கரைந்த இடத்தில் நிறுத்தினால் சுவை நன்றாக இருக்கும் என்பது காபித் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இரண்டாம் டிகாஷன் ஏன் தண்ணீராகவும் கசப்பாகவும் இருக்கிறது என்பதும் இதனால் விளங்கும். நல்லதெல்லாம் முதலிலேயே இறங்கிப்போனது.

காபித் தூளோடு கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபின் கிடையாது. இனுலின் என்ற மாவுப்பொருள் நிறைய உண்டு. வறுக்கும்போது அது கருகிய வெல்லத்தின் மணத்தைத் தருகிறது. காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைவதால் டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் சேர்கின்றன. கெட்டியான திரவம் மெல்லத்தான் கசியும் என்பதால் இறங்கும் வேகமும் குறைகிறது. காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுச் சட்டம். கலவை விகிதம் பாக்கெட்டின் மேலேயே அச்சாகியிருக்கும். 80-க்கு 20 என்பது பலருக்கும் பிடித்த அளவு.

குடையை எடுத்து வைத்துவிட்டுத் தூளின் மேல் நேராக ஊற்றுபவர்கள் உண்டு. அது வேண்டாத உறுப்பு அல்ல. அண்மையில் வறுத்த தூளுக்குள் கரியமில வாயு அடைந்திருக்கும். வெந்நீர் பட்டதும் அது நுரைத்துத் தூளைக் கிளப்பும். கிளம்பிய இடத்தில் தண்ணீர் குறுக்கு வழி தேடிக்கொண்டு இறங்கிவிடும். மற்ற இடத்துத் தூள் பாதி நனைந்ததோடு நிற்கும். குடை தூளை அமர்த்தி, தண்ணீரைப் பரவலாகப் பிரித்துவிடுகிறது. இலேசாக வைத்தால் போதும், பலம் கொடுத்து அழுத்தினால் படுகை இறுகிவிடும். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் வாயு வெளியேற விட்டு, பிறகு மீதியை ஊற்றுவது நல்லது.

தண்ணீரின் சூடு 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னையில் தளதளவென்று கொதித்ததை இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றலாம். ஊட்டியில் காத்திருக்கக் கூடாது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அந்த ஊரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இரண்டு டம்ளருக்கு 20 கிராம் தூள், அதாவது மூன்று குவித்த மேசைக்கரண்டி. 150 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப்போல் இரு மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கீழே சேர்வது 110 மில்லிதான். அதைப்போல் இரண்டு பங்கு பால் சேர்க்கலாம். டிகாஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். மணம் ஆவியாகப் போய், காட்டம்தான் மிஞ்சும். பாலைச் சூடாக்கி அதில் டிகாஷனை ஊற்றுவதே முறை. பாலிலுள்ள கேசின் புரதம் காபியின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கில் துவர்ப்பு மட்டுப்படுகிறது. டபராவில் ஆற்றும்போது எழும் நுரையைத் தாங்கிப் பிடிப்பதும் பாலின் புரதங்கள்தான்.

இவ்வளவும் செய்தும் சொட்டு நின்றுவிடுகிறதா? மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி வையுங்கள். டிகாஷன் இறங்க வேண்டுமென்றால் கீழே உள்ள காற்று வெளியேற வேண்டும். இரண்டு பாத்திரமும் இறுகப் பொருந்தியிருந்தால் காற்று சிக்கிக்கொள்ளும். அப்படியும் இறங்காவிட்டால், கழுவிய பின் துளைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காபி எண்ணெயும் நுண்தூளும் அடைத்திருக்கும். எவர்சில்வர் ஃபில்டராக இருந்தால் அடிப்பக்கத்தை அடுப்புத் தணலில் சற்றுக் காட்டி, ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்தால் அடைப்பு விடும். உள்ளே வெள்ளீயம் பூசிய பித்தளை ஃபில்டரைத் தணலில் காட்டாதீர்கள், பூச்சு உருகிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய ஃபில்டரில் இரண்டு பேருக்கான தூளைப் போட்டால் படுகை மெல்லியதாகிவிடும். தண்ணீர் தங்காமல் ஓடிவிடும். டார்சியின் விதி அப்போதும் விடாது. தூளைக் கூட்டிப் போட்டுச் சமாளிப்பதைவிட, அன்றாடத்துக்குச் சின்னதாக ஒன்றும் விருந்தாளி வரும் நாளுக்குப் பெரிதாக ஒன்றும் வைத்துக்கொள்வது சிக்கனம்.