தாத்தா வீட்டுப் பிரெஞ்சு விளக்கு: பிரான்சுக்கு எடுத்துப் போகலாமா?

புதுச்சேரி தவளக்குப்பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு பாரீஸில் இருக்கும் மகனோடு குடியேறப் போகிறது ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரின்) குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பரணில் ஒரு ஜோடி மெழுகுவத்தி விளக்கு. சலவைக்கல் பீடம், அதன்மேல் கிளைகளை ஏந்தி நிற்கும் வெண்கலப் பெண், உடம்பெல்லாம் தங்கமுலாம். பிரான்சில் செய்தது பிரான்சுக்கே திரும்புகிறது, இதை யார் தடுக்கப்போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

சட்டம் தடுக்கும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்துக்குப் பொருள் பிறந்த ஊர் முக்கியமில்லை, வயதுதான் முக்கியம். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. விளக்குக்கு அவ்வளவு வயதில்லை என்று நினைத்தால், பெட்டி கட்டுவதற்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் தாத்தா கதை எடுபடாது.

வீட்டில் வைத்திருப்பது குற்றமே இல்லை. ஆனால் பழைய உலோகச் சிற்பங்கள் பதிவு செய்யவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. உருவம் தாங்கிய விளக்கு அதில் சேருமா என்று தொல்பொருள் பதிவு அதிகாரியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாலா பக்கமும் படம் எடுத்து வையுங்கள். திருடு போனால் காவல் நிலையத்தில் அதுதான் பேசும்.

குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் புளியை எடுத்துவிடாதீர்கள். புளியின் அமிலம் சலவைக்கல்லை அரிக்கும், தேய்க்கிற தேய்ப்பில் முலாமும் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

இதுபோன்ற விளக்கை வாங்குகிறவர்களுக்கு வேறு ஆபத்து. ‘க்ளோதியோன்’ என்ற பிரெஞ்சுச் சிற்பியின் பெயர் பொறித்திருக்கிறது என்று கடைக்காரர் விலையை ஏற்றுவார். அந்தச் சிற்பி இறந்தது 1814இல். அவர் பாணியில், அவர் பெயரோடு, 19ஆம் நூற்றாண்டு முழுக்கப் பல பட்டறைகள் வார்த்துத் தள்ளின. துத்தநாகத்தில் வார்த்துப் பொன்நிறம் பூசியவையும் ஏராளம். பீடத்துக்கு அடியில், முலாம் தேய்ந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால் வெண்கலம் இல்லை.

தொல்பொருள் விற்பதைத் தொழிலாகக் கொண்டவருக்கு உரிமம் வேண்டும், காட்டச் சொல்லுங்கள். ரசீதில் காலம், உலோகம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். 2 ஆண்டுக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ரசீதில் ‘பழைய பாணி விளக்கு’ என்று மட்டும் எழுதி வாங்கி வந்திருந்தால் வழக்கில் பிடிமானம் குறைவு.