பால்மரத்தின் நீர்வாசல்கள்

1877இல் மலாயாவின் பேராக்கிலுள்ள கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டன. பிற்பாடு பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த தமிழர்கள் இருட்டோடு எழுந்து, பிரட்டு (காலை ஆள்கணக்கு) முடித்து, வெயில் ஏறுமுன் மரத்தடிக்குப் போனார்கள். நேரம் கடந்தால் மங்கில் (பால் சேரும் கோப்பையில்) பால் குறையும் என்பது அவர்கள் கண்கூடாகக் கண்டது.

அதன் காரணத்தை 1964இல் அளந்து காட்டியவர்கள் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பட்டரி, போட்மேன் இருவரும். விடியலுக்கு முன் பட்டைக்குள் ஓடும் பால்நாளங்களில் சுமார் 8 முதல் 15 வளிமண்டல அழுத்தம் இருந்தது. கார் டயரில் இருப்பதைப்போல் பல மடங்கு! பகலில் இலைகள் நீரை ஆவியாக்க, அந்த அழுத்தம் சரிந்தது.

கத்தி பட்டதும் வெட்டுவாயில் அழுத்தம் சட்டென இறங்கி, பால் பீறிடுகிறது. உடனே சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நாளத்துக்குள் நீர் பாய்கிறது. பால் இளகி, உறையாமல் தொடர்ந்து வடிகிறது. மங்கில் சேரும் பாலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர்தான்.

ஆனால் முதிர்ந்த பால்நாளத்துக்கும் அண்டை உயிரணுக்களுக்கும் இடையே நேரடி இணைப்புத் துளைகள் இல்லை. கொழுப்பாலான சவ்வைக் கடந்து இவ்வளவு நீர் எப்படி வருகிறது?

அக்வாபோரின் என்னும் புரதங்கள் வழியாகத்தான். 1992இல் அமெரிக்கரான பீட்டர் ஏக்ரின் குழு, இரத்தச் சிவப்பணுவில் இருந்த ஒரு புரதம் நீருக்கான வாசல் என்று நிறுவியது. 2003இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தகைய ஒரு வாசல் நொடிக்கு சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகளைக் கடத்தும். உப்பு அயனிகளை விடாது. நம் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளிலும் இவை உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள அக்வாபோரின் வகை இல்லாத எலிகளுக்கு உமிழ்நீர் பாதிக்கும் கீழே குறைந்தது.

ரப்பர் மரத்தின் அக்வாபோரின்களைத் தாய்லாந்து, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2009இல் ஆராய்ந்தார்கள். பால் பெருகப் பட்டையில் தடவும் எத்திஃபோன் மருந்து எத்திலீன் வாயுவை வெளியிடும். அதன் தூண்டுதலால் பால்நாளத்திலும் அதை ஒட்டிய உள்பட்டையிலும் ஒரு அக்வாபோரின் மரபணு மும்முரமாக இயங்கியது. வாசல்கள் கூடினால் வரத்தும் கூடுகிறது. பால் நெடுநேரம் வடிகிறது.

அளவு மீறினால் கேடு. அடிக்கடி தூண்டப்படும் மரத்தில் பால் நீர்த்துப்போகும்; நாளடைவில் வெட்டுப்பட்டை வறண்டு பாலே நின்றுவிடலாம். தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்ட இன்று, மலேசிய ரப்பரின் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடமிருந்தே வருகிறது. மருந்தின் அளவையும் தடவும் இடைவெளியையும் மரத்தின் வயது, ரகம் பார்த்து முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்தாம்.