கையெழுத்துக்கு முன் பத்துச் சொற்கள்

கற்பிட்டி முதல் வென்னப்புவ வரையான நமது கரையோரத்தில் வெளிநாட்டு வேலை என்றால் மத்திய கிழக்கு, இத்தாலி என்றே நெடுங்காலம் பேசி வந்தோம். இப்போது யப்பானின் பெயரும் அடிபடுகிறது. 2019 ஏப்ரலில் யப்பான் திறன்சார் தொழிலாளருக்கான புதிய விசா முறையொன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் இலங்கையும் அதற்கான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், கட்டட வேலை, மீன்பிடி ஆகியன அம்முறையில் அடங்கும் துறைகளுட் சில.

செல்ல விரும்புவோர் பொதுவாக அடிப்படை மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்காகப் பிள்ளைகள் வணக்கம் சொல்லவும், கடையில் பொருள் வாங்கவும், வழி கேட்கவும் படிக்கிறார்கள். ஆனால் நகையை அடகு வைத்துப் பயணம் புறப்படும் குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் சொற்கள் வேறு. அவை ஒப்பந்தத் தாளிலேயே இருக்கின்றன.

அவற்றுள் பத்தையாவது நாம் அறிந்திருத்தல் வேண்டும். 'கேயாக்கு' என்றால் ஒப்பந்தம். 'கிகான்' அதன் காலம். 'கோஷின்' காலம் முடிந்தபின் புதுப்பித்தல். 'கிஹொன்கியூ' அடிப்படைச் சம்பளம். 'கோஜோ' சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவது. 'தெதோரி' கழிவுகள் போகக் கையில் வருவது. 'சங்கியோ' மேலதிக நேர வேலை. 'கியூஜிட்சு' விடுமுறை நாள். 'காய்கோ' வேலைநீக்கம். 'இயாகுகின்' ஒப்பந்தத்தை மீறினால் கட்டச் சொல்லும் தண்டப்பணம்.

முகவர் சொல்லும் தொகை கிஹொன்கியூவா, தெதோரியா என்று கேட்க வேண்டும். வரி, சுகாதாரக் காப்புறுதி, ஓய்வூதியக் கட்டணம் ஆகியவற்றோடு விடுதி வாடகையும் கழிக்கப்படலாம். இந்த வித்தியாசத்தை அறியாமல் கடன் தவணையைக் கணக்கிட்டால், வீட்டுக்கு அனுப்பும் பணம் வட்டிக்கே போய்விடும்.

சொல்லை அறிந்தால் மட்டும் போதாது. வாக்கியத்தைக் கடைசிவரை வாசிக்கவும் வேண்டும். யப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். உண்டா, இல்லையா என்பதும் அங்கேயே தெரியும். யப்பானியத் தொழில் அமைச்சின் மாதிரிப் படிவத்தில் கோஷின் என்ற சொல்லை அடுத்து 'தானாகவே புதுப்பிக்கப்படும்', 'புதுப்பிக்கப்படக்கூடும்', 'புதுப்பிக்கப்படமாட்டாது' எனத் தெரிவுகள் உள்ளன. தொடக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றே. பேராசிரியர் சுசுமு ஓனோ இவ்விரு மொழிகளுக்கும் உறவுண்டு என்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவருடன் ஆய்வு செய்தார். மொழியியலாளர் பலர் அக்கருத்தை ஏற்கவில்லை. எனினும் வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமை நம் பிள்ளைகளுக்கு நல்ல துணை.

முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கும் வழக்கம் மீன்பிடிக் கிராமங்களுக்குப் புதிதல்ல. யப்பானின் 1947 ஆம் ஆண்டுத் தொழில் நியமச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. உழைத்துத் தீர்ப்பதாகக் கொடுத்த முற்பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள முடியாது என்கிறது அதன் 17 ஆம் பிரிவு. இயாகுகினை முன்கூட்டியே நிர்ணயிப்பதை 16 ஆம் பிரிவு தடுக்கிறது. வேலை நிபந்தனைகளைத் தொழில்தருநர் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது 15 ஆம் பிரிவு. காட்டியதும் நடப்பதும் வேறாயின் தொழிலாளி உடனடியாக ஒப்பந்தத்தை முறிக்கலாம். அதை நிரூபிக்கத் தாளின் பிரதி கையில் இருக்க வேண்டும்.

ஆகவே, யப்பான் செல்ல ஆயத்தமாகும் இளைஞர் உள்ள ஊர்களில் மாதர் சங்கமோ வாலிபர் சங்கமோ ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். பத்துச் சொற்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். பெற்றோரையும் அழைத்து உட்காரச் செய்யுங்கள். அடகுச் சீட்டு அவர்கள் பெயரில்தானே இருக்கிறது! முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என விசாரியுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். விளங்காத ஒரு வரி இருந்தாலும், அது விளங்கும் வரை கையெழுத்து வேண்டாம்.