நண்டு நெபுலாவின் வெடிப்புகளும் ரேடியோ ஆய்வும்

தை மாதத்தில் இரவு பத்து மணியளவில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நின்று அண்ணாந்து நோக்குவார்க்கு, ரோகிணி விண்மீன் உச்சிக்குச் சற்று வடமேற்கே தோன்றும். அதற்குக் கிழக்கே, உச்சியிலிருந்து வடக்கே சுமார் 13½ டிகிரியில் நண்டு நெபுலா அமைந்துள்ளது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. 1054-ஆம் ஆண்டில் சீனர் பகலிலும் கண்டு குறித்துவைத்த சூபர்நோவாவின் எச்சமே இது. தொலைவு ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு.

இதன் நடுவே பல்சார் எனப்படும் நியூட்ரான் விண்மீன் ஒன்று விநாடிக்குச் சுமார் 30 முறை சுழல்கிறது. அது செலுத்தும் எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் வளைந்தோடுங்கால் ரேடியோ அலை முதல் காமாக் கதிர் வரை கதிர் வீசுகின்றன. இதனைச் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்பர்.

இந்நெபுலாவின் பிரகாசம் மாறாதது என நம்பி, எக்ஸ் கதிர்க் கருவிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாகவே அதனைக் கொண்டிருந்தனர். 2010 செப்டம்பரில் அஜிலே, ஃபெர்மி என்னும் செயற்கைக் கோள்கள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. 2011 ஏப்ரலில் நிகழ்ந்த வெடிப்பு அதனினும் பெரிது. சிங்க்ரோட்ரான் காமாக் கதிர் வழக்கமான அளவைப்போல் 30 மடங்காயிற்று. சுமார் எட்டு மணி நேரத்தில் இரட்டித்தது. அவ்வளவு விரைவில் மாறும் பொருள், ஒளி எட்டு மணி நேரத்தில் கடக்கும் 860 கோடி கிலோமீட்டரினும் பெரிதாக இருத்தல் அரிது. நெபுலாவோ பத்து ஒளியாண்டு அகலமுடையது. ஆகவே வெடித்தது அதன் ஒரு சிறு மூலையே.

எந்த மூலை? காமாக் கதிர்த் தொலைநோக்கிக்கு நெபுலா முழுவதும் ஒரே புள்ளி. எனவே கூரிய பார்வையுடைய பிற தொலைநோக்கிகளை நாடினர். நியூ மெக்சிகோவிலுள்ள பெரும் ரேடியோத் தொலைநோக்கி வரிசை 2011 ஏப்ரலில் நெபுலாவைப் படமெடுத்தும், வெடிப்புக்கு உரியதென உறுதியாகச் சுட்டத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. பல்சாரின் ரேடியோத் துடிப்புகளும் வழக்கம்போலவே இருந்தன.

ஒன்றும் காணாமையும் ஒரு செய்தியே. வெடிப்பில் காமாக் கதிர் உமிழ்ந்த எலெக்ட்ரான்களின் ஆற்றல் சுமார் ஆயிரம் இலட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட். அவை சில நாட்களிலேயே அதனை இழந்துவிடுகின்றன. ரேடியோ அலை உமிழ்வன மிகக் குறைந்த ஆற்றலுடையன. நெபுலாவின் வயதினும் நெடுங்காலம் ஒளிரத்தக்கன. மாணவர்க்கு இதை ஏரியின் உவமையால் விளக்கலாம். ரேடியோ ஒளி பல நூற்றாண்டுகளாக நிரம்பிய ஏரி நீர். வெடிப்பு அதில் ஊற்றிய ஒரு குடம். மட்டம் உயர்ந்ததைக் கரையில் நிற்பவர் அறியார். தாழ்ந்த ஆற்றல் எலெக்ட்ரான்கள் வெடிப்பில் பெருவாரியாகப் பிறக்கவில்லை என்பதும் இதனால் பெறப்படும். காந்தப் புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதே எலெக்ட்ரான்களை முடுக்கியது என்று பலர் கருதுதற்கு, வெடிப்பின் விரைவும் ஒரு காரணமாகும்.

பல்சாரின் துடிப்பைக் கேட்கும் வசதி தமிழ்நாட்டிலும் உண்டு. உதகைக்கு அருகே முத்தொரையில் 1970-இல் அமைந்த ரேடியோத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஒத்த, சுமார் 11 டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவில் அது நிற்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. அந்த ஓர் அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம்.