இறுகிய திருகாணியும் இளகும்

தேவிகுளம், பீர்மேடு வட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டைச் சார்ந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் வாழும் நம் மக்களுள் பலர் தையல் இயந்திரத்தால் ஒரு சிறு வருவாய் தேடிக்கொள்கின்றனர். தோட்டக் கூலி போதாதபோது பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவுவது அதுவே. தீபாவளி நெருங்கும் வேளையில் அந்த இயந்திரம் நின்றுவிட்டால் நேரும் இடர் சிறிதன்று. ஊசிக்கு அடியிலுள்ள தகட்டைக் கழற்றிப் பஞ்சு அகற்ற முனைகிறோம், திருகாணி அசையவில்லை. வலிந்து திருகுகிறோம், அதன் தலையிலுள்ள வெட்டு மழுங்கிவிடுகிறது. பழுது பார்ப்பவரைத் தேடி மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியே போடிநாயக்கனூருக்கு இறங்கினால் ஒரு நாட்கூலியும் பேருந்துச் செலவும் போய்விடும். ஆகவே, இத்தகைய திருகாணியைக் கழற்றும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம்.

திருகாணி இறுகுவது ஏன்? இடுக்கி மலைப்பகுதியில் ஜூன் முதல் பெய்யும் மழையால் காற்று ஈரம் செறிந்திருக்கிறது. ஈரத்தால் இரும்பு துருப்பிடிக்கிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், புரிகளின் இடைவெளியை நிரப்பி ஆப்புப்போல் இறுக்கிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றோ புழுதியைக் கொணர்ந்து, பழைய எண்ணெயுடன் சேர்த்துப் பிசினாக்குகிறது. தேங்காய் எண்ணெயை இயந்திரத்துக்கு இடும் வழக்கமும் தீங்கானது. ஏறக்குறைய 24 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குக் கீழே அது உறைந்துவிடும். மூணாற்றுக் குளிரில் உறையாதிருக்குமோ?

கழற்றும் பணியில் முதல் துணை பொறுமை. தலைவெட்டில் அடைந்துள்ள அழுக்கை ஊசியால் அகற்றுக. திருகாணியைச் சுற்றி இரண்டொரு துளி மண்ணெண்ணெய் இட்டு, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுக. அது நுண்ணிய இடுக்குகளிற் புகுந்து பிசினைக் கரைக்கும். துருவையும் ஊறச் செய்யும். அருகில் விளக்கோ அடுப்போ இருத்தலாகாது.

அடுத்து நோக்க வேண்டுவது திருப்புளி. தலைவெட்டு மழுங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் திருகாணியன்று, பொருந்தாத திருப்புளியே. அதன் நுனி வெட்டின் நீளத்தையும் அகலத்தையும் சரியாக நிரப்ப வேண்டும். நுனி தேய்ந்து உருண்டிருந்தால் அரத்தால் தட்டையாக்கிக் கொள்க. அதை வெட்டில் செங்குத்தாக நிறுத்தி, திருகும் விசையைவிட அழுத்தும் விசை மிகுமாறு பிடிக்க வேண்டும். முதலில் வலஞ்சுழியாக மிகச் சிறிதளவு இறுக்கி, பின்னர் இடஞ்சுழியாகத் திருப்பினால் துருவின் பிடி எளிதில் விடும். திருப்புளியின் தலையிற் சுத்தியலால் மெல்லத் தட்டுவதும் பயன் தரும். ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விரிந்துவிடும்.

இதற்கும் இணங்காதாயின், மண்ணெண்ணெயை முற்றும் துடைத்து உலரவிட்ட பின், ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலைத் திருகாணித் தலையிற் சிறிது நேரம் வைக்கலாம். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும் திருகாணி துருவின் பற்றை உடைத்துக்கொள்ளும்.

வெட்டு முற்றும் மழுங்கிவிட்டதா? தலை மேலெழுந்து நின்றால் மெல்லிய அரத்தால் புதிய வெட்டு இடலாம். தகட்டுக்குள் பதிந்த தலையாயின், அதன் நடுவில் குறியிட்டு, தலை பிரியும்வரை மட்டும் துளைத்து, தகட்டை எடுத்துவிட்டு, எஞ்சிய தண்டைக் குறட்டாற் பற்றிக் கழற்றலாம். இது கடைசி வழி. கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுவதே தக்கது.

கழற்றிய பின்னரும் கவனம் தேவை. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 55 பாகைக் கோணமுள்ள புரியைப் பொது அளவாக வகுத்தார். பிற்கால மெட்ரிக் புரியின் கோணம் 60 பாகை. பழைய தையல் இயந்திரங்களிலோ, செய்தவர் தமக்கென வகுத்த புரிகளும் உண்டு. எனவே, கைக்குக் கிடைத்த திருகாணியை வலிந்து முடுக்கினால் இயந்திரத்தின் புரியே அழியும். பழைய திருகாணியைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குக. தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவிப் பூட்டுக.

பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். துப்பாக்கியின் குறிகாட்டியில் உள்ள சிறு திருகாணியும் இவ்வாறே இறுகும், மழுங்கும். ஆயினும் அதில் இம்முறைகளைக் கையாளலாகாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். குண்டு இல்லை என்பதை உறுதிசெய்து, அவ்வுரிமம் உடையவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

வலிமையால் ஒரு நொடியில் கெடுவதை, ஓரிரவுப் பொறுமை காத்துத் தரும். மழைக்காலம் தொடங்குமுன் திருகாணிகளை ஒருமுறை தளர்த்தி, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்டி வைப்போமாயின், பண்டிகை நாளில் நம் இயந்திரம் நம்மைக் கைவிடாது.